என் கைப்பேசிக்கு வந்த வாய்தா

புதிய மென்பொருளில் மனுதாரரின் கைப்பேசி எண்ணைத் தட்டாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது. எண்ணுக்கான கட்டத்தைச் சுற்றிச் சிவப்புக் கோடு வந்து நின்றுவிடும். ஒருவருக்குக் கொடுத்த எண்ணை இன்னொருவருக்குக் கொடுத்தாலும் அதே சிவப்புக் கோடு. ஆளுக்கொரு கைப்பேசி இருக்கும் என்று முடிவு செய்து இதை உருவாக்கியவர்கள், ஒருமுறையாவது ஜவ்வாது மலைக்கு வந்து கையைத் தூக்கித் தூக்கி சிக்னல் தேடியிருக்கலாம்.

நான் மலையடிவாரத்தில் ஒரு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் தட்டச்சராக இருக்கிறேன். வீடு காவலூரில். கணவர் அங்கே எலக்ட்ரீஷியன். ஒன்றரை வயதில் ஒரு மகள். காலை பஸ்ஸில் இறங்கி மாலை பஸ்ஸில் ஏறுகிற பிழைப்பு. பஸ்ஸில் உட்கார்ந்ததும், கேஸ் சிலிண்டரை மூடினேனா, பாப்பாவின் மருந்தைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்தேனா, நேற்று தட்டிய உத்தரவில் தேதி சரிதானா என்று வரிசையாகச் சந்தேகம் வரும். என் சுபாவம் அது. சந்தேகப்படுகிறவள் எதையும் இரண்டு தடவை பார்ப்பாள் என்று அலுவலகத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். அதனால் பழைய மென்பொருளிலிருந்த வழக்குகளையெல்லாம் புதியதற்கு மாற்றும் வேலை என் தலையில் விழுந்தது.

பயிற்சி என்று காணொளியில் அரை நாள் வைத்தார்கள். திரையில் வந்த பொறியாளர் மிக இனிமையாகப் பேசினார். இனி கட்சிக்காரர்கள் வாய்தா தேதி கேட்டு நீதிமன்றத்துக்கு அலைய வேண்டாம், இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம், தேதி மாறினால் கைப்பேசிக்கே செய்தி வந்துவிடும் என்றார். ஒரே வகை வழக்குகளை ஒரே நாளில் மென்பொருளே அடுக்கிவிடும், நீங்கள் யோசிக்கவே வேண்டாம் என்றார். நான் அதையெல்லாம் எழுதி வைத்துக்கொண்டேன். யோசிக்க வேண்டாம் என்று யாராவது சொன்னால்தான் எனக்கு யோசனையே தொடங்கும்.

எங்கள் மலை ஊர்களில் சிக்னல் ஊருக்கு ஒரு இடத்தில்தான் விழும். ஒரு பாறை, ஒரு மேடு, தண்ணீர்த் தொட்டியின் பின்பக்கம். அந்த இடத்துக்குப் பக்கத்தில் யார் வீடு இருக்கிறதோ அவர்களுடைய எண்தான் ஊர் முழுவதற்கும் எண். பள்ளிக்கூடத்தில், ஆஸ்பத்திரியில், ரேஷனில் எல்லோரும் அதையே கொடுப்பார்கள். அழைப்பு வந்தால் அந்த வீட்டுக்காரர் வெளியே வந்து கூவுவார். கூப்பிடப்பட்டவர் ஓடி வருவார். அதை ஒரு குறையாக அங்கே யாரும் நினைப்பதில்லை. பழைய மென்பொருளும் நினைக்கவில்லை. புதியது நினைத்தது. ஊரில் முதல் வழக்குக்கு அந்த எண்ணை வாங்கிக்கொண்டது. இரண்டாவது வழக்குக்குச் சிவப்புக் கோடு போட்டது.

பொறியாளர்களின் உதவி எண்ணுக்கு அழைத்தேன்.

"ஒரே நம்பர் பல பேருக்கு வருதுன்னா அது டேட்டா எரர் மேடம்."

"எரர் இல்லைங்க. அவங்க எல்லாரும் அந்த நம்பர்தாங்க வெச்சிருக்காங்க."

"அப்ப அவங்கள வேற நம்பர் வாங்கச் சொல்லுங்க மேடம்."

புகாராகப் பதிவு செய்யச் சொன்னார். பதிவு செய்தேன். மறுநாளே 'தீர்க்கப்பட்டது' என்று பதில் வந்தது. திறந்து பார்த்தால் சிவப்புக் கோடு அப்படியே இருந்தது.

எங்கள் தலைமை எழுத்தர் ஓய்வு பெறும் வயதில் இருப்பவர். மாத முடிவுக்குள் மாற்றி முடிக்காத நீதிமன்றங்களின் பட்டியல் மேலே போகும் என்று சுற்றறிக்கை வந்ததும் அவருக்கு இரத்த அழுத்தம் ஏறியது. நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"அதுக்கு இன்னா வேணும்? பத்து இலக்கத்துல ஒரு நம்பர். அவ்ளோதானே. நம்ம ஆளுங்க நம்பர போட்டுடு."

"சார், அப்பறம் மெசேஜ் நமக்கு வருங்களே."

"வந்தா வரட்டும். கடிக்கவா போவுது?"

முதலில் அவருடைய எண். பிறகு பெஞ்ச் கிளார்க்குடையது. மலை வழக்குகள் எங்களைவிட அதிகம் என்பதால் அவரவர் மனைவி, தம்பி, மருமகன் என்று போனது. வாட்ச்மேனின் மச்சான் பெங்களூரில் கட்டட வேலை செய்கிறார். ஓர் அடிதடி வழக்கில் அவர் எண்ணும் ஏறியது. "உன்னுது சொல்லும்மா" என்றார் தலைமை எழுத்தர் என்னிடம். சொன்னேன். அது எந்த வழக்கில் ஏறியது என்றும் பார்த்துக்கொண்டேன்.

அந்த வழக்கைப் போட்ட பெண்ணை எனக்கு முகமளவில் தெரியும். மலைமேல் ஓர் ஊரைச் சேர்ந்தவள், என்னைவிடச் சின்னவள். ஒடுகத்தூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அடி தாங்காமல் தாய்வீட்டுக்கு வந்துவிட்டாள். மூன்று வயது மகனைக் கணவன் வீட்டார் வைத்துக்கொண்டார்கள். வழக்கு முடியும் வரை இரண்டு வாரத்துக்கு ஒரு புதன்கிழமை பையனை நீதிமன்றத்துக்கு அழைத்து வர வேண்டும், தாய் ஒரு மணி நேரம் அவனோடு இருக்கலாம் என்று உத்தரவு. சட்ட உதவி அறையில்தான் அந்த ஒரு மணி நேரம்.

புதிய மென்பொருள் வந்ததும் அவள் வழக்கின் வகையைத் திங்கட்கிழமைக்கு அடுக்கிவிட்டது. பழைய இணையதளத்தையோ யாரும் மூடவில்லை. அதுவும் திறக்கும், அதில் பழைய தேதிகள் அப்படியே நிற்கும். அவள் ஊரில் யாரோ அதைப் பார்த்துச் சொல்ல, அவள் புதன்கிழமை வந்தாள். பையன் திங்கட்கிழமையே வந்துவிட்டுப் போயிருந்தான். இப்படி இரண்டு முறை. அந்த இரண்டுக்கும் செய்தி அனுப்பியதாகத் திரை காட்டியது, என் கைப்பேசிக்கு ஒன்றும் வரவில்லை. இரண்டாம் முறை அவள் நீதிமன்ற வராந்தாவில் ஒரு பிஸ்கட் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு மத்தியானம் வரை உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். அவளுக்கு ஆஜரான இலவச சட்ட உதவி வக்கீல் வேறு ஊருக்குப் போய்விட்டார். அடுத்தவரை இன்னும் நியமிக்கவில்லை. பெஞ்ச் கிளார்க்தான் அவளிடம், "அடுத்தது கண்டிப்பா புதன்தான்மா, நானே மாத்தி வெச்சிருக்கேன்" என்று சொல்லி அனுப்பினார். அவர் மாற்றித்தான் வைத்தார்.

இதற்கிடையில் கணவனின் வக்கீல் மனுப் போட்டார். தாய்க்கு அக்கறையில்லை, இரண்டு முறை வரவில்லை, சின்னப் பையனை வீணாக அலைக்கழிக்க வேண்டாம், சந்திப்பை ரத்து செய்ய வேண்டும் என்று. எங்கள் மாஜிஸ்திரேட் புதிதாக வந்தவர். அடுத்த முறையும் வராவிட்டால் மனுவைப் பரிசீலிக்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

அப்புறம் ஒரு சனிக்கிழமை, பாப்பாவுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தபோது கைப்பேசியில் செய்தி வந்தது. 'உங்கள் வழக்கு வரும் திங்கட்கிழமை விசாரணைக்கு எடுத்துக்கொள்ளப்படும்.' கீழே வழக்கு எண். மென்பொருள், பெஞ்ச் கிளார்க் மாற்றி வைத்ததை மறுபடியும் தன் இஷ்டத்துக்கு அடுக்கியிருந்தது.

எண்ணெய்க் கையோடு தலைமை எழுத்தருக்கு அழைத்தேன்.

"சார், அந்தப் பையன் கேசு திங்கக்கெழமைக்கு வந்துடுச்சு. அந்தப் பொண்ணு புதன்னு நெனச்சிக்கினு இருக்கும்."

"மெசேஜ் போச்சா?"

"போச்சு சார்."

"டெலிவர்டுன்னு காட்டுதா?"

"காட்டுது சார். எனக்குத்தான் டெலிவர் ஆயிருக்கு."

"அப்பறம் இன்னாம்மா? நம்ம வேல தகவல் அனுப்பறது. அனுப்பியாச்சு. லீவு நாள்ல கொழந்தயப் பாரு."

அவள் மனுவில் அவள் ஊரின் பொது எண் இருந்தது. ஆனால் கேஸ் கட்டு அலுவலகத்தில் பூட்டிக் கிடந்தது. மென்பொருளில் அவள் பெயருக்கு எதிரே என் எண் இருந்தது. திங்கட்கிழமை காலை மாஜிஸ்திரேட்டிடம் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். சொன்னாலும் பையன் வந்து திரும்பிப் போய்விடுவான். அவளுக்கு மூன்றாவது முறையும் கை நழுவும். ஊர் பெயர் நினைவிருந்தது, நான்தானே தட்டியது. நேரில் போய்ச் சொல்லலாம். ஆனால் நீதிமன்ற ஊழியர் ஒரு தரப்பின் வீட்டுக்குப் போகலாமா? எதிர்த்தரப்பு வக்கீலுக்குத் தெரிந்தால் என் வேலை என்ன ஆகும்? போகாவிட்டால்? சோறு வடிக்கும்போதும் இதே, துணி உலர்த்தும்போதும் இதே. கடைசியில் கணவரிடம் சொன்னேன்.

"உன்ன வேலைக்கு வெச்சது டைப் அடிக்கவா, தண்டோரா போடவா?" என்றார்.

"நீங்க வரலன்னா பஸ்ல போறேன்."

"எந்த பஸ்ல? அந்த ஊருக்கு காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. போய்ட்டு அங்கயே குடித்தனம் பண்ணப் போறியா?"

ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்தார். பாப்பாவை நடுவில் உட்கார வைத்துக்கொண்டோம். மேட்டில் வண்டி திணறும்போது, "கம்ப்யூட்டர் வந்தா வேல கொறையும்னாங்க" என்று காற்றிடம் சொல்வதுபோல் சொன்னார்.

ஊர் முனையில் ஒரு பெரிய பாறை. பாறைக்குப் பக்கத்து வீட்டு அக்கா புளி தட்டிக்கொண்டிருந்தார். பெயரைச் சொல்லி, கோர்ட்டிலிருந்து வருகிறேன் என்றேன். எழுந்து ஒரு கூவல் கூவினார். கொஞ்ச நேரத்தில் அவள் சாமைக் கொல்லையிலிருந்து வந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் இறுகிவிட்டது.

"நாளைக்குத் தாங்க உங்க வாய்தா. புதன் இல்ல. தேதி மாறிடுச்சு."

"யாரு மாத்துனது?"

"கம்ப்யூட்டர் மாத்திடுச்சுங்க."

"ரெண்டு வாட்டி ஏமாந்து திரும்பி வந்தேன். இப்ப வூட்டுக்கே வந்து ஏமாத்துறீங்களா? நாளைக்கு நான் வந்துட்டா, புதங்கெழம வரலன்னு எழுதிக்குவீங்க. அவுங்க அனுப்பித்தானே வந்தீங்க?"

நான் கைப்பேசியை எடுத்துச் செய்தியைக் காட்டினேன். பாறை அக்கா வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தார். படித்து முடித்து அவர் கேட்டதுதான் கேள்வி.

"இது யாரு போனு?"

"என்னுதுதாங்க."

"எங்க ஊட்டுப் பொண்ணு கேசு உங்க போனுக்கு ஏன் வருது?"

சிவப்புக் கோட்டைப் பற்றிச் சொன்னேன். ஒரு எண்ணை ஒருவருக்குத்தான் கொடுக்கலாம், அதனால் எங்கள் எண்களைப் போட்டோம் என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே அது திருட்டுக் கதை மாதிரி இருந்தது.

"என் நம்பர்ல இன்னா கொற?" என்றார் அக்கா. "ஆஸ்பத்திரிக்காரன் கூப்புடறான், வாத்தியாரு கூப்புடறாரு, பாங்குக்காரன் கூப்புடறான். உங்க கோர்ட்டுக்கு மட்டும் ஆவாதா?"

"ஆவும்க்கா. மெஷினுக்குத்தான் ஆவல."

"அப்ப மெஷின வர சொல்லு, பேசிக்கறோம்."

என் கணவர் வண்டிமேல் உட்கார்ந்தபடியே சிரித்துவிட்டார். எனக்கு ஆத்திரமாக வந்தது. சிரிப்பவர் மேலா, அக்கா மேலா, திரையில் இனிமையாகப் பேசிய பொறியாளர் மேலா என்று தெரியவில்லை. அவள் சிரிக்கவில்லை. என் இடுப்பிலிருந்த பாப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வர்றீங்களா?" என்றேன்.

அவள் கொல்லைப் பக்கம் திரும்பி நடந்தாள். அக்காவின் எண்ணை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு திரும்பினோம்.

திங்கட்கிழமை நான் தட்டிய எதுவும் சரியில்லை. ஒரே உத்தரவை மூன்று முறை அடித்தேன். பையனை அவன் அத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். கூடவே கணவனும் வக்கீலும். மலை பஸ் வந்து போய்விட்டது. அவள் அதில் இறங்கவில்லை. வழக்கைக் கூப்பிட்டார்கள். கணவனின் வக்கீல் எழுந்து, கைப்பேசியில் இணையதளத்தைத் திறந்து வைத்துக்கொண்டு படித்தார்.

"மேடம், வெப்சைட்லயே இருக்கு. மனுதாரர் பக்கத்தப் பாருங்க. முந்தின வாய்தாவும் ஆப்சென்ட். அதுக்கு முந்தினதும் ஆப்சென்ட். இன்னிக்கும்..."

"இன்னிக்கு இங்க நிக்கிறேங்க" என்று வாசலிலிருந்து குரல் வந்தது.

அவளும் பாறை அக்காவும் ஊர்க்காரர்கள் இரண்டு பேரும். தக்காளி ஏற்றி வந்த வண்டியில் இறங்கியிருக்கிறார்கள். புடவையில் வைக்கோல் ஒட்டியிருந்தது. மூச்சு வாங்கியது. மாஜிஸ்திரேட் எதிரிலிருந்த திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"போன ரெண்டு வாய்தாவும் ஏம்மா வரல?"

"வந்தங்க. புதங்கெழம வந்தங்க. உங்க கோர்ட்டு திங்கக்கெழமைக்குப் போயிடுச்சுங்க."

"தகவல் அனுப்பியிருக்காங்களே."

"எனக்கு ஒண்ணும் வர்லைங்க. நேத்து இந்தம்மாதான் வூட்டுக்கு வந்து சொன்னாங்க" என்று கையை நீட்டி என்னைக் காட்டினாள்.

வக்கீல் உடனே பிடித்துக்கொண்டார். "மேடம், கோர்ட் ஸ்டாஃப் ஒரு பார்ட்டி வீட்டுக்குப் போயிருக்காங்க. இதப் பதிவு பண்ணணும்."

மாஜிஸ்திரேட் என்னைக் கூப்பிட்டார். எழுந்தேன். தலைமை எழுத்தர் கதவருகே நின்று என்னைப் பார்த்தார். வாயைத் திறக்காதே என்கிறாரா, தன்னைக் காப்பாற்று என்கிறாரா என்று புரியவில்லை. வீட்டுக் கடன், பாப்பா, கணவர் சொல்லப்போகும் 'நான் அப்பவே சொன்னேன்' எல்லாம் ஒரே சமயத்தில் நினைவுக்கு வந்தன.

"நீங்க ஏன் போனீங்க?"

"மேடம், அவங்க வாய்தா மெசேஜ் எனக்குத்தான் வந்தது. அவங்க கேசுல இருக்கறது என் நம்பர்."

"உங்க நம்பர் எப்படி அதுல?"

சொன்னேன். ஒரே எண்ணை இரண்டாவது ஆளுக்கு மென்பொருள் வாங்காது என்பதை, மலை ஊர்களில் ஊருக்கே ஒரு எண் என்பதை, புகார் கொடுத்ததை, தீர்க்கப்பட்டது என்று பதில் வந்ததை.

"மத்த மலை கேஸ்லயும் இப்படித்தானா?"

"ஆமாங்க மேடம்."

"யார் நம்பரெல்லாம்?"

"எங்க எல்லாரோடதும் இருக்கு மேடம். வாட்ச்மேனோட மச்சான் நம்பர் வரைக்கும் போயிருக்கு. அவரு பெங்களூர்ல இருக்காரு."

பின்வரிசையில் வக்கீல்கள் இருமுவதுபோல் சிரித்தார்கள். மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை. பெஞ்ச் கிளார்க்கிடம் புதன்கிழமைகளில் அவள் வந்து கேட்டாளா என்று விசாரித்தார். வந்தாள், நான்தான் திருப்பி அனுப்பினேன் என்று அவர் ஒப்புக்கொண்டார். கணவனின் வக்கீல் ஏதோ ஆரம்பித்தார். "உங்க மெசேஜ் உங்களுக்கு வந்துச்சுல்ல சார்? அவங்களுக்கு வரல. உக்காருங்க" என்றார் மாஜிஸ்திரேட்.

உத்தரவை என்னிடம்தான் சொல்லித் தட்டச் சொன்னார். முந்தைய இரண்டு வாய்தாக்களிலும் மனுதாரர் வராததாகக் கருதக் கூடாது. சந்திப்பை ரத்து செய்யக் கோரும் மனு தள்ளுபடி. இன்று ஒரு மணி நேரம் உண்டு. மென்பொருள் சரியாகும் வரை இந்த வகை வழக்குகளில் தேதி மாறினால் அலுவலகமே கட்சிக்காரர் கொடுத்த எண்ணுக்குப் பேசித் தெரிவிக்க வேண்டும். தட்டி முடித்தேன். இன்றைய வருகையைப் பதிவு செய்யப் போனால், முன்பே 'ஆப்சென்ட்' என்று விழுந்திருந்தது. அதை மாற்ற மாவட்டத் தலைமையிடத்து அனுமதி வேண்டும் என்றது திரை. பெஞ்ச் கிளார்க் பேனாவை எடுத்துக் கேஸ் கட்டின்மேல் 'மனுதாரர் ஆஜர்' என்று எழுதினார். மாஜிஸ்திரேட் கையெழுத்துப் போட்டார்.

சட்ட உதவி அறையில் பையன் முதலில் அவளிடம் போகவில்லை. அத்தையின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் கூப்பிடவும் இல்லை. தரையில் உட்கார்ந்து, பிஸ்கட்டைப் பிரித்து, தானே ஒன்றைத் தின்னத் தொடங்கினாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவன், பக்கத்தில் வந்து கையை நீட்டினான். வேறு வேலைக்குப் போவதுபோல் நான் இரண்டு முறை அந்த வாசலைக் கடந்தேன். இரண்டாம் முறை அவன் அவள் மடியில் இருந்தான். அவள் புடவையில் ஒட்டியிருந்த வைக்கோலை ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டிருந்தான். பாறை அக்கா என்னைப் பார்த்து, "மெஷினு வர்லையா?" என்று கேட்டார்.

தலைமை எழுத்தர் என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. பிறகு ஒரு மெமோ வந்தது. சொந்தக் கைப்பேசி எண்ணை வழக்குப் பதிவில் சேர்க்க அனுமதித்தது ஏன் என்று விளக்கம் கேட்டு. கீழே அவருடைய கையெழுத்து. விளக்கத்தை நான்கு முறை எழுதிக் கிழித்து, ஐந்தாவதைக் கொடுத்தேன். இன்னும் பதில் இல்லை. இரவில் விழிப்பு வந்தால், மூன்றாவதாக எழுதியதுதான் சரியாக இருந்ததோ என்று தோன்றுகிறது.

மென்பொருளின் புதிய பதிப்பு வந்தது. எழுத்துரு அழகாகியிருக்கிறது. சிவப்புக் கோடு இப்போது ஆரஞ்சு நிறம். என் எண்ணை எடுத்தால் வழக்கே அடுத்த பக்கத்துக்குப் போக மறுப்பதால் அது அங்கேயே இருக்கிறது. அவள் வாய்தா மாறும்போதெல்லாம் உடனடித் தகவல் எனக்கு வருகிறது. வந்ததும், பாப்பாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே, பாறை வீட்டு எண்ணுக்கு அழைக்கிறேன்.

"யாரு, கோர்ட்டா?" என்கிறார் அக்கா.

"ஆமாங்க்கா. திங்கக்கெழம இல்ல, செவ்வாக்கெழமையாம்."

"உங்களுக்கு வேற பொழப்பே இல்லையா?" என்று திட்டிவிட்டு, போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு வெளியே வந்து கூவுகிறார். தூரத்திலிருந்து அவள் பதில் குரல் கேட்கும் வரை நான் வைப்பதில்லை.